எதிர்க் கூடாரத்துச் சோறு

என் தம்பி வாசு மேடையில் பேசும்போது கூட்டம் கொஞ்சம் சோர்ந்துவிட்டால் என் கதையை எடுத்துவிடுவான். "எங்கள் ஆட்சியில் வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. என் சொந்த அக்கா கடையையே அகற்றச் சொன்னவன் நான்" என்பான். உடனே கைதட்டல் பறக்கும். நானும் சில கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் தட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நானும் தட்டவேண்டும் என்பதுபோல. எனக்கு எரிச்சல்தான் வரும்.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி ஓர் அங்சானா மரம் உண்டு. அதன் அடியில் ஒரு தகரக் கூரை, நீளமான மேசை, அடுப்பு, தோசைக்கல். விடிந்ததும் இட்லி, தோசை, நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீர். டவுனுக்கு பஸ் ஏறுகிறவர்களும் பாலம் தாண்டி மாக் மண்டின் தொழிற்சாலைகளுக்குப் போக கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களும் என்னிடம்தான் பசியாறுவார்கள். வீட்டுக்காரர் லோரி விபத்தில் போனபிறகு என் மகள் காமினியை அந்தக் கடைதான் வளர்த்தது. வாசுவுக்குச் சோறு போட்டதும் அந்தக் கடைதான்.

லைசென்ஸ் கிடையாது. கேட்காமல் இல்லை, கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனாலும் கடை பல வருஷம் நின்றது. அது எப்படி நின்றது என்பதை ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

வாசு மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஆட்களைச் சேர்த்துத் தொழிற்சங்கம் கட்டப் பார்த்தான் என்று அவனை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவனுக்காகக் கம்பெனி கேட்டுக்கு வெளியே வெயிலில் அட்டை பிடித்து நின்றவர்கள் அந்தக் கட்சிக்காரர்கள் மட்டும்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லாரும் இருந்தார்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் தோழர் என்றார்கள். நான் அன்றைக்கு அவர்களுக்குப் பாலில்லாத தே ஓ கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ஒரு நாள்தான் என்னையும் அந்தக் கட்சிக்கு எழுதிக்கொடுத்தது.

அப்போது எங்களுடையது எதிர்க்கட்சி. எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்க ஆயர் ஈத்தாமில் ஆள் கிடையாது, பயம். அதனால் என் கடைதான் கட்சி ஆபீஸ். கொடிகள் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். கூட்டம் முடிந்தால் மைக்கும் ஸ்பீக்கரும் மேசைக்கு அடியில் தூங்கும். உளவுத்துறை ஆள் ஒருவர் தினமும் வந்து ஓரமாக உட்கார்ந்து, யார் வருகிறார்கள் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நாலு இட்லி சாப்பிடுவார். சட்னி பழசு என்றால் அவருக்குக் கோபம் வரும். அரசாங்கம் எங்களைக் கண்காணித்ததோ இல்லையோ, என் சட்னியை நன்றாகக் கண்காணித்தது.

இப்போது சுகுமாரனைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் புளோக்கிலேயே மூன்றாவது மாடியில் இருந்தார். ஆளுங்கூட்டணியின் கிளைத் தலைவர். சஃபாரி சட்டை, விரலில் கல் மோதிரம், யாரைப் பார்த்தாலும் "என்னா, சுகமா?" என்று ஒரு குரல். வாசுவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அடிவருடி, தரகன் என்றுதான் சொல்வான். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அந்த மனிதர் எனக்குப் போன் அடித்தார்.

"தனம், நாளைக்கு மரத்தடிக்குப் போவாத. ஒடம்பு சரியில்லன்னு வீட்டுல இரு."

"ஏண்ணே, என் கடைய மூடிட்டா ஒங்க கட்சிக்கு ஓட்டு கூடிருமா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். மறுநாள் வீம்புக்குக் கடை போட்டேன். நகராண்மைக் கழகத்து லோரி வந்து அடுப்பையும் பானைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த தடவை அவர் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அன்றைக்கும் லோரி வந்தது, மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை. அவர் போன் அடிப்பார், "ஒடம்பு எப்படி இருக்கு தனம்?" என்பார், நான் மறுநாள் கடை போடமாட்டேன். கொடியெல்லாம் என் கடையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் கட்சியைத் திட்டிப் பேசும் மைக்குக்கு என் வீட்டிலிருந்து கடைக்கு இழுத்த வயரில்தான் மின்சாரம் போகிறது என்றும் தெரியும். இருந்தும் போன் அடிப்பார். நான் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை.

"அது உதவி இல்லக்கா. ஓட்டுக்குப் போடுற தூண்டி," என்பான் வாசு. "நம்ம ஆட்சி வரட்டும், இந்த மாதிரி எவன் கால்லயும் யாரும் நிக்க வேண்டியதில்ல. உரிமையா வாங்குவோம்."

உரிமை என்ற சொல்லை அவன் சொன்னால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போதும் அந்தச் சொல் பிடிக்கும், அவன் வாயிலிருந்து கேட்கத்தான் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தேர்தல் நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுப்போடும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இரண்டு கட்சியும் கூடாரம் போடும். வாக்காளர் எண்ணைத் தேடிச் சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஆளுங்கூட்டணிக் கூடாரத்தில் நாற்காலி, காற்றாடி, குளிர்ந்த தண்ணீர், நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் இருக்கும். எங்கள் கூடாரத்தில் ஓர் ஓட்டை மேசையும் வாசுவின் தொண்டையும் மட்டும்தான். நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? நேரே அந்தக் கூடாரத்துக்குப் போய், சீட்டு வாங்கி, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் எங்களுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். வரும்போது எங்களைப் பார்த்து லேசாகக் கண்ணடிப்பார்கள். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சோறு அவன் அப்பன் வீட்டுச் சோறா, நம் வரிப்பணம்தானே என்பார்கள்.

நான் மட்டும் அங்கே கை நனைத்ததில்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை. அவர்கள் கூடாரத்தைத் தாண்டும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பேன், ஏதோ அந்தக் கட்சியே என் முகத்தைப் பார்த்துத்தான் தோற்கப்போகிறது என்பதுபோல.

இரண்டாயிரத்து எட்டுத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் சந்தைக்குப் பக்கத்தில் புது மேடான் செலேரா ஒன்று கட்டி முடித்தார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கென்றே கூரை, குழாய்த் தண்ணீர், மின்சாரம், லைசென்ஸ் எல்லாம் உள்ள இடம். சுகுமாரன் ஒரு நாள் மத்தியானம் கடைக்கே வந்து நின்றார். வாசு இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார்.

"தனம், அங்க கடை போட ஒரு லோட் ஒனக்கு எடுத்துத் தர்றேன். இந்த மரத்தடி நெலைக்காது. நாளைக்கு நான் இருக்கேனோ இல்லியோ."

"கட்சில சேரணுமா?"

"யாரு ஒன்ன சேரச் சொன்னா? மகளிர் கூட்டத்துக்கு ஒரு தடவ வந்து ஒக்காரு. சீலை குடுப்பாங்க, வாங்கிக்க. ஓட்ட எவனுக்குப் போடுறியோ போடு, நானா கூட வந்து பாக்கப்போறேன்?"

எனக்குப் பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி, என்னைப்போலவே தெரு ஓரத்தில் மீ ஹூன் சேமியா விற்றுக்கொண்டிருந்தவள், மறுநாளே போய் உட்கார்ந்தாள். சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் கைதட்டினாள். லோட் கிடைத்தது. தேர்தல் அன்றைக்கு அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு ஓட்டுப் போட்டாள். "அவனுங்க சீலைல வந்து நம்ம ஆளுக்குக் குத்துனேன், எப்படி?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான் மாட்டேன் என்றுவிட்டேன். "நம்ம ஆட்சி வரும்ணே. அப்போ நிமிந்து நின்னு வாங்கிக்கிறேன்" என்றேன். சுகுமாரன் கோபப்படவில்லை. ஒரு தே தாரிக் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வாசுவிடம் சொன்னபோது அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீதான்க்கா உண்மையான தோழர்" என்றான். அந்த வார்த்தையை நான் பல நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மாநிலத்தில் எங்கள் ஆட்சி வந்தது. நாங்களே நம்பவில்லை. பினாங்கே நம்பவில்லை. மறுநாள் காலை என் கடையில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் தே இலவசம். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து அழுதார்கள். உளவுத்துறை ஆள்கூட வந்து, "இனிமே நான் யாரப் பாக்கணும்னு தெரியலையே" என்று சொல்லி நாலு இட்லி சாப்பிட்டார். சுகுமாரன் லிஃப்ட்டிலிருந்து இறங்கி யாரையும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார். எங்கள் பையன்கள் சிலர் பின்னாலேயே கூவினார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

வாசுவை நகராண்மைக் கழக உறுப்பினர் ஆக்கினார்கள். முழுக்கைச் சட்டை வாங்கினான். கடைக்கு வருவது குறைந்தது. பதவி என்றால் வேலை இருக்கத்தானே செய்யும் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். மேடான் செலேராவில் மிச்சமிருந்த லோட்டுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். நானும் போட்டேன், விழவில்லை. யாரோ எவரோ எடுத்தார்கள். வாசு பெருமையாக வந்து சொன்னான்.

"பாத்தியாக்கா? நான் நெனைச்சிருந்தா ஒன் பேர எடுத்திருக்கலாம். செய்யல. இதான்க்கா மாற்றம்."

நியாயம்தான் என்றேன். நியாயம்தான். அதில் நான் என்ன குறை சொல்ல முடியும்? பழைய ஆட்சியில் கொடுத்தபோது வாங்கிய ஜெயலெட்சுமி கடையில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நியாயத்தோடு மரத்தடியில் வாளியில் தண்ணீர் சுமந்தேன்.

கொஞ்ச நாளில் அந்த பஸ் நிற்கும் இடத்தில் நெரிசல், சுத்தமில்லை என்று புகார் எழுந்தது. ஓரக்கடைகளை எல்லாம் அகற்றப் போவதாகப் பேச்சு வந்தது. நான் வாசு வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, கடைய விட்டுருங்கன்னு நான் கேக்கல. என்னைக்கு வர்றாங்கன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லு. அடுப்பு, கல்லு, பானை, கிரைண்டர் எல்லாத்தையும் மேல தூக்கி வச்சுக்கிறேன். சாமான் இருந்தா வேற எங்கியாச்சும் ஒரு மூலைல பொழச்சுக்குவேன்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அக்கா, அது அலுவலக ரகசியம். வெளிய சொன்னா அதுக்குப் பேரு ஊழல். சுகுமாரன் செஞ்சத நானும் செஞ்சா அவனுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?"

"அவரு பெறத்தியாரு. நீ என் தம்பி லா."

"அதனாலதான்க்கா சொல்ல முடியாது."

அழுகை வந்தது. ஆனால் வீடு திரும்பும்போது, ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது என்பதையும் மறைக்கமாட்டேன். நான் வளர்த்தவன் இவ்வளவு நேர்மையானவனாக வந்திருக்கிறானே என்று. அதோடு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கையும் இருந்தது. வாய் அப்படிச் சொன்னாலும் கடைசி நேரத்தில் எப்படியாவது சொல்லிவிடுவான். காமினியை அனுப்பியாவது சொல்லிவிடுவான். தம்பி அல்லவா.

அன்று காலை கடை வழக்கம்போல இருந்தது. இரண்டு பத்திரிகை நிருபர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தன் கேமராப் பையைப் பக்கத்தில் வைத்திருந்தான். தோசை சாப்பிட்டார்கள், அக்கா நல்லா இருக்கு என்றார்கள். வாசுவைத் தெரிந்தவர்கள் என்று சொன்னதால் நான் இன்னும் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அப்போது மேசையில் இருந்த போன் அடித்தது. சுகுமாரன் பெயர் தெரிந்தது. ஆட்சி போய் இவ்வளவு நாளாகியும் இந்த மனிதருக்கு என்ன வேண்டுமாம்? எங்கள் ஆட்சியில் எனக்கு ஆபத்து என்றால் சொல்ல என் தம்பி இருக்கிறான், இவர் யார்? நிறுத்தினேன். மறுபடி அடித்தது. மறுபடியும் நிறுத்தினேன்.

கல்லில் ஊற்றிய தோசையைத் திருப்புவதற்குள் லோரி வந்து நின்றது.

அமலாக்கப் பிரிவிலிருந்து வந்தவர் நூர் ஃபாத்திஹா என்ற இளம் பெண். அவளுக்கே சங்கடமாக இருந்தது. "காக், மாஃப் யா" என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் ஆட்களை ஏவினாள். அடுப்பை அணைக்க விட்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. கூரையைப் பிரித்தார்கள், மேசையை மடக்கினார்கள், கிரைண்டரை மாவோடு தூக்கினார்கள். தோசைக்கல் சூடாக இருந்ததால் ஒருத்தன் கையைச் சுட்டுக்கொண்டு கீழே போட்டான். பிறகு சாக்கைப் போட்டுத் தூக்கி லோரிக்குள் எறிந்தான். அந்தச் சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

வாசுவின் கார் அப்போதுதான் வந்தது. இறங்கினான். என் பக்கம் வரவில்லை. நிருபர்கள் பாதித் தோசையோடு எழுந்து ஓடினார்கள். அவன் லோரிக்கு முன்னால் நின்று பேசினான். சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றான். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. முன்னால் வாசு, பின்னால் கையில் தோசைத் திருப்பியோடு நான். 'சொந்த அக்காவுக்கும் சலுகை இல்லை' என்று தலைப்பு. கட்சியில் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கோலாலம்பூரிலிருந்துகூடப் பாராட்டினார்களாம்.

நான் ஜெயலெட்சுமி கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாவு அரைப்பது, மேசை துடைப்பது, பாத்திரம் கழுவுவது. அவள் கெட்டவள் இல்லை. தனக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஆனாலும் "தனக்கா, நாலாம் மேசைய தொடைங்க" என்று அவள் குரல் வரும்போதெல்லாம், எனக்கு வரவேண்டியிருந்த லோட்டில்தான் நான் துணி பிடித்து நிற்கிறேன் என்று தோன்றும்.

வாசுவோடு பேச்சை நான் முறித்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு வந்தான், சோறு போட்டேன். மனதுக்குள் ஒன்றைச் சொல்லித் தேற்றிக்கொண்டேன். அவன் யாருக்கும் சொல்லவில்லை, அதனால் எனக்கும் சொல்லவில்லை. அப்படி ஒரு நேர்மையானவனுக்கு அக்காவாக இருந்தால் அடி படத்தான் வேண்டும். கடை போனாலும் அந்த நினைப்பு என்னிடம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மேசை துடைத்தேன்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. இந்தத் தடவை எங்கள் தொகுதியில் வேட்பாளரே வாசுதான். தெருவெல்லாம் அவன் முகம். ஒருநாள் மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், சுகுமாரன் ஜெயலெட்சுமி கடைக்குச் சாப்பிட வந்தார். தளர்ந்துவிட்டார். சஃபாரி சட்டை தோளில் தொளதொளத்தது. நான் மேசை துடைக்கப் போனேன். எப்போதோ கேட்டிருக்கவேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அன்னைக்கு எதுக்குண்ணே போன் அடிச்சீங்க? ஒங்க ஆட்சிதான் போச்சே, ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவர் மீ ஹூனைக் கிளறிக்கொண்டே இருந்தார். "விடு தனம். அது எதுக்கு இப்போ."

"சொல்லுங்கண்ணே."

"மொத நாள் சாயங்காலம் கோப்பிக்கடைல ஒக்காந்திருந்தேன். ஒன் தம்பி பக்கத்து மேசைல. என்னய பாக்கல. பத்திரிகைக்காரனுங்களுக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தான். காலைல சீக்கிரமே மரத்தடிக்கு வந்துருங்க, அக்கா கடைய எடுக்குறாங்க, நல்ல படமா கெடைக்கும்னு. ஒவ்வொருத்தனுக்கா அடிச்சான்." அவர் கரண்டியை வைத்தார். "ஒனக்கும் சொல்லியிருப்பான்னுதான் நெனச்சேன். ராத்திரியெல்லாம் மனசு கேக்கல. சரி, எதுக்கும் ஒரு வார்த்த சொல்லிருவோம்னு காலைல அடிச்சேன். நீ எடுக்கல."

எனக்கு அந்த நிருபர்கள் நினைவுக்கு வந்தார்கள். லோரிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தவர்கள். அக்கா நல்லா இருக்கு என்றவர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் லோரிக்குள் கிடக்கும் என்று தெரிந்துகொண்டே அதில் சுட்ட தோசையைத் தின்றிருக்கிறார்கள். நான் கூடுதலாகச் சாம்பார் ஊற்றியிருக்கிறேன்.

அலுவலக ரகசியமாம். ஊரில் இருக்கிற பத்திரிகைக்காரனுக்கெல்லாம் சொன்னால் அது ஊழல் இல்லை, சொந்த அக்காவுக்குச் சொன்னால் ஊழல். கடை போனபோது விடாத அழுகையை அன்றைக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு விட்டேன். ஜெயலெட்சுமி ஓடி வந்து என்ன என்ன என்றாள். வெங்காயம் என்றேன்.

"நீங்க எதுக்குண்ணே இத்தன வருசம் எனக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

சுகுமாரன் தட்டைத் தள்ளி வைத்தார். "கீழ் வீட்டுப் பொம்பள, தாலியறுத்தவ, பிள்ளைய வச்சிருக்க. அப்புறம் நானும் காலைல பசியாறணும்ல" என்றார்.

தேர்தல் நாள் காலை வாசு போன் அடித்தான். "அக்கா, மறந்துராத. வெயிலு ஏறுறதுக்குள்ள வந்து போட்டுரு."

"இதெல்லாம் முன்கூட்டியே சொல்லலாமா தம்பி? ஊழல் இல்லியா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சிரித்துவிட்டு வைத்தான்.

போனேன். இப்போது கூடாரங்கள் தலைகீழாக மாறியிருந்தன. எங்கள் கூடாரத்தில் காற்றாடி, குளிர்பானம், புதுச் சட்டை போட்ட பிள்ளைகள். எதிரே பழைய கூட்டணியின் கூடாரத்தில் சுகுமாரனும் இன்னும் இரண்டு கிழவர்களும், மேசைமேல் ஒரு தட்டு நிறைய நாசி லெமாக் பொட்டலங்களும். அங்கே யாரும் போகவில்லை. ஜெயிக்கிறவன் சோறு இருக்கும்போது தோற்கிறவன் சோற்றை யார் தொடுவார்கள்?

உள்ளே விரலில் மை வைத்தார்கள். வாக்குச்சீட்டைப் பிரித்தேன். வாசுவின் பெயர் இருந்தது, அதன் பக்கத்தில் அந்தச் சின்னம். இவனுக்குப் போடக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் மற்றச் சின்னத்தைப் பார்த்ததும், வாசுவை வேலையிலிருந்து துரத்திய அன்று கம்பெனி கேட்டை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு சிரித்த அந்தக் கூட்டணி ஆட்களின் முகங்கள்தான் தெரிந்தன. வெளியே வெயிலில் நின்றவர்களில் சிலர் செத்தும் போய்விட்டார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எனக்கென்று வேறு கட்சி எங்கே இருக்கிறது? கை பழகிய இடத்திலேயே குறி போட்டது. போட்டுவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

வெளியே வந்து நேராகச் சுகுமாரன் கூடாரத்துக்குப் போனேன். அவர் பதறி எழுந்தார்.

"தனம், ஒங்க ஆளுங்க பாக்குறாங்க."

"பசிக்குதுண்ணே. குடுங்க."

நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். இடது கையில் மை, வலது கையில் மிளகாய்ச் சம்பல். இத்தனை தேர்தல்களில் ஊரே அங்கே சாப்பிட்டிருக்கிறது, நான் கை நனைத்தது அன்றைக்குத்தான். சோறு ஆறிப்போயிருந்தது, சம்பலில் உப்பு இல்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். எதிரே எங்கள் கூடாரத்தில் யாரோ போனை எடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் வாசு சாலையைத் தாண்டி வந்தான், மாலைபோட்ட கழுத்தோடு.

"அக்கா, என்னா இது? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். படம் எடுக்குறவனுக்குச் சொல்லி விடலியா நீ? நல்ல படமா கெடைக்குமே."

சுகுமாரனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். தப்புக்கா என்று ஒரு வார்த்தை. அந்த இடத்திலேயே எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அவன் பின்னால் போயிருப்பேன். அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனான்.

பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். இப்போது மேடையில் என் கதையை இன்னும் நீளமாகச் சொல்கிறானாம். கடை போன கோபத்தில் என் சொந்த அக்காவே எதிரணிக்குப் போய்விட்டாள், கொள்கைக்காக நான் கூடப்பிறந்தவளையே இழந்தவன் என்கிறானாம். சொல்லும்போது குரல் தழுதழுக்குமாம். ஜெயலெட்சுமி கேட்டுவிட்டு வந்து சொன்னாள், முன்னைவிட இப்போது கைதட்டல் அதிகமாம்.

அவன் எதையும் இழக்கவில்லை. அன்றைக்கு விழுந்த என் ஓட்டும் அவனுக்குத்தான்.